கூரைக்கும் ஒரு சட்டம்

(திருச்சியில் கட்டடப் பொறியாளர்களும் வீடு கட்டவிருப்பவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'புதிய கட்டடங்களுக்கும் புதுப்பிக்கும் கட்டடங்களுக்கும் ஆற்றல் சிக்கன விதிகள்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். படித்ததும் கொட்டாவி வரக்கூடிய தலைப்பு. ஆகவே சட்டப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, முதலில் மொட்டை மாடிக்குப் போவோம்.

மே மாதம், பகல் இரண்டு மணி. மேலே தட்டோடு பதிக்காத வெறும் கான்கிரீட் சிலாப். அதன் மேல்பரப்பு 55 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். செருப்பில்லாமல் நிற்க முடியாது. கீழே அறைக்குள் 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 25. பொறியாளர்களுக்கு 'யூ மதிப்பு' தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதுதான் அந்த எண். சிறிதாக இருந்தால் நல்லது. ஆறங்குல வெறும் சிலாப்புக்கு அது ஏறக்குறைய 3.5. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் 11 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 960 வாட். சுவர், ஜன்னல், ஆள், அடுப்பு எதையும் சேர்க்காமல் கூரை ஒன்றே இவ்வளவு வெப்பத்தை உள்ளே தள்ளுகிறது. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும் வெப்பம் 3,500 வாட். அதில் கால் பங்குக்கு மேல் கூரைக்கே போய்விடுகிறது.

இது தோராயக் கணக்கு. உண்மையில் கான்கிரீட் வெப்பத்தை உடனே விடாது. வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும். இரவு பத்து மணிக்கு ஃபேன் போட்டால் அனல் காற்று இறங்குகிறதே, அது மதியம் இரண்டு மணி வெயில்தான், தாமதமாக வந்து சேர்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் ஏ.சி.யை இரவு முழுவதும் ஓட விடுவதன் காரணமும் அதுவே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டின் வீட்டு விதித்தொகுப்பு, 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று பெயர், 2018 டிசம்பர் 14 அன்று வெளியானது. அதில் கூரையின் யூ மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் 3.5-க்குப் பதில் 1.2 வைத்துப் பாருங்கள்: 960 வாட் 330 ஆகிவிடும். இவ்வளவு எளிமையான, இவ்வளவு பயனுள்ள வரி இந்தியக் கட்டட விதிகளில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்த அவையில் உள்ளவர்களின் வீடுகளில் முக்கால்வாசி அந்த விதிக்குள் வராது. ஏன் வராது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. வீடு என் வீடு, மின்கட்டணம் என் பணம், இதில் அரசுக்கு என்ன வேலை? நியாயமான கேள்விதான். சுவரைத் தேர்ந்தெடுப்பவரும் மின்கட்டணம் கட்டுபவரும் ஒரே ஆளாக இருந்தால் சட்டமே தேவைப்படாது. அடுக்குமாடி கட்டுபவர் சதுர அடிக்கு நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்கக் கூரைக் காப்பை விட்டுவிடுகிறார். வாங்குபவர் மாடுலர் கிச்சனைப் பார்க்கிறார், டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிறகு அந்த வீட்டுக்கு வாடகைக்கு ஒருவர் வருகிறார். அவர்தான் நாற்பது ஆண்டுக் கட்டணத்தில் தன் பங்கைக் கட்டுகிறார். நம் மாநிலத்தில் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அடுக்கே வேறு. கோடையில் அந்த 500-ஐத் தாண்ட வைப்பது பெரும்பாலும் படுக்கையறை ஏ.சி. அந்த ஏ.சி.யை ஓட வைப்பது கூரை. கூரையைத் தீர்மானித்தவர் கணக்கை முடித்துக்கொண்டு போய் வெகுகாலம் ஆகியிருக்கும்.

ஏ.சி. வாங்கும்போது நட்சத்திரம் பார்க்கிறோம். 2020 ஜனவரி முதல் விற்கப்படும் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் எல்லாம் 24 டிகிரியில் தொடங்கும்படி ஆணை போட்டிருக்கிறார்கள். பத்தாண்டு உழைக்கும் இயந்திரத்துக்கு இத்தனை கண்காணிப்பு. அறுபது ஆண்டு நிற்கும் சுவருக்குக் கட்டாய நட்சத்திரமும் இல்லை, கேட்பாரும் இல்லை. அலுவலகக் கட்டடங்களுக்கு 2009-இல் ஒரு நட்சத்திரத் திட்டம் வந்தது. அதுவும் விரும்பினால்தான்.

உலகம் இந்த விஷயத்தில் விழித்துக்கொண்டது 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு. ஜெர்மனி 1977-இல் வெப்பக் காப்பு ஆணை கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவின் விதிகள் 1978-இல் நடைமுறைக்கு வந்தன. ஆனால் அவர்களுடைய கவலை பெரிதும் குளிர். நமக்கு உகந்த பாடம் இருப்பது சிங்கப்பூரில். நம்மைப் போலவே புழுக்கம், நம்மைப் போலவே வெயில். தமிழும் அங்கே ஆட்சிமொழி. அங்கே எழும் அடுக்குமாடிகளில் கம்பி கட்டியும் கான்கிரீட் போட்டும் வந்தவர்கள் நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்திலேயே நிறையப் பேர். அந்தச் சிங்கப்பூர் 1979-லேயே ஒரு எண்ணைச் சட்டமாக்கியது: குளிரூட்டப்பட்ட கட்டடத்தின் வெளிச்சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம், சராசரியாகச் சதுர மீட்டருக்கு 45 வாட்டைத் தாண்டக் கூடாது. செங்கல்லோ கண்ணாடியோ, எதில் வேண்டுமானாலும் கட்டு. மொத்தக் கணக்கில் இந்த எண்ணுக்குள் நில். வீடுகளுக்கான எண்ணை 2008-இல் தனியாக வைத்தார்கள்.

நம் வீட்டு விதித்தொகுப்பும் இதே வழியில் வந்ததுதான். கூரையைத் தனியாக வைத்துவிட்டு, சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. குளிர்ப் பகுதிகளுக்கு மட்டும் வேறு கணக்கு. சென்னையும் திருச்சியும் வெப்ப ஈரப் பகுதி. நமக்கான சூத்திரத்தில் மூன்று உறுப்புகள். சுவர் வழியே கடத்தப்படும் வெப்பம், அதற்குப் பெருக்கு எண் 5.15. கண்ணாடி வழியே கடத்தப்படுவது, 1.31. கண்ணாடிக்குள் நேராக நுழையும் வெயில், 65.21. இந்தக் கடைசி எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகையில் ஒரு வீட்டைப் போட்டுப் பார்ப்போம். ஒன்பதங்குலச் செங்கல் சுவர், இரு பக்கமும் பூச்சு. யூ மதிப்பு ஏறக்குறைய 2. வெளிச்சுவரில் ஐந்தில் ஒரு பங்கு ஜன்னல், சாதாரணக் கண்ணாடி, மேலே சன்ஷேடு இல்லை. திசையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். சுவருக்கு 8.2, கண்ணாடிக் கடத்தலுக்கு 1.5, வெயிலுக்கு 10.4. மொத்தம் 20 வாட். தேறவில்லை. சரி, விலை உயர்ந்த கண்ணாடி வாங்கலாமா? வேண்டாம். நல்ல அகலமான சன்ஷேடு போட்டு வெயிலின் வரவை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைத்தால் 10.4 என்பது 6.5 ஆகும், மொத்தம் 16 சொச்சம். கிட்டே வந்துவிட்டோம். ஜன்னலை ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நூற்றுக்குப் பதினைந்தாகக் குறைத்தால் 14.8. தேறிவிட்டது! அதே பழைய செங்கல், அதே சாதாரணக் கண்ணாடி. ஜன்னலைக் குறைக்க மனமில்லாதவர்கள் ஏஏசி பிளாக் (காற்றூட்டிய இலகுக் கான்கிரீட்) சுவர் வைத்தால் 11-லேயே நிற்கலாம்.

அந்தச் சன்ஷேடு எங்கே போயிற்று என்பது தனிக் கதை. முன்பெல்லாம் லின்டல் மட்டத்தில் இரண்டடி சன்ஷேடு இல்லாத வீடே கிடையாது. எலிவேஷன் 'பாக்ஸ் டைப்'பில் வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய பிறகு அது மறைந்துவிட்டது. மழைச்சாரல் உள்ளே வருகிறது, வெயில் உள்ளே வருகிறது; படம் மட்டும் அழகாக இருக்கிறது.

ஜன்னலைக் குறைத்துக்கொண்டே போனால் வீடு குகையாகிவிடாதா என்று கேட்பீர்கள். விதி எழுதியவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். வெப்ப ஈரப் பகுதியில் திறக்கக்கூடிய பரப்பு, தளப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது இன்னொரு விதி. காற்று வேண்டும் என்பதால். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். கதவு போல விரியும் ஜன்னலில் 90 விழுக்காடு திறப்பாகக் கணக்கு வைக்கிறார்கள். இரண்டு பலகை ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பாதிதான். இன்று திருச்சியில் புதிதாகக் கட்டும் வீடுகளில் எத்தனை யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் என்று எண்ணிப் பாருங்கள். எட்டடிக்கு ஜன்னல் வைத்து, வெயிலை எட்டடிக்கும் உள்ளே விட்டு, காற்றை நாலடிக்கு மட்டும் வாங்குகிறோம். பழைய மரக் கதவு ஜன்னல் நம் தாத்தாக்களின் பிற்போக்கு அல்ல.

திசைக்கும் கணக்கு உண்டு. நம் அட்சரேகையில் வடக்குச் சுவருக்குக் காரணி 0.659, மேற்குச் சுவருக்கு 1.156. அதாவது மேற்கில் வைக்கும் ஒரு ஜன்னல், வடக்கில் வைக்கும் ஜன்னலைப்போல ஒன்றே முக்கால் மடங்கு வெயிலைக் கொண்டுவருகிறது. வாஸ்துவுக்காகச் சமையலறையை எத்தனையோ முறை நகர்த்துகிறோம். இந்த ஒரு எண்ணுக்காகப் படுக்கையறை ஜன்னலை ஒரு முறை நகர்த்தினால் குற்றமில்லை.

வணிகக் கட்டடங்களின் கதை வேறு. 2001-இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம், 2007-இல் முதல் கட்டட விதித்தொகுப்பு, 2017-இல் திருத்திய பதிப்பு, 2024-இல் மீண்டும் ஒன்று. 2017 பதிப்பின் நேர்வழி விதி, வெளிச்சுவரில் கண்ணாடி 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. அப்படியானால் பழைய மகாபலிபுரம் சாலையில் நிற்கும் கண்ணாடிப் பெட்டிகள்? அவற்றில் பல விதிக்கு முந்தியவை. மற்றவற்றுக்கு இன்னொரு வழி இருக்கிறது: முழுக் கட்டடத்தையும் கணினியில் ஓட்டிக் காட்டி, மொத்த மின்செலவு குறைவு என்று நிரூபித்தால் போதும். கொள்கையாகச் சரிதான். நடைமுறையில், கண்ணாடியில் விட்டதைச் சில்லர் இயந்திரத்தில் பிடித்துக்கொள்ளும் வழியாகவும் அது ஆகிவிடுகிறது. இயந்திரம் பதினைந்து ஆண்டில் தேய்ந்துவிடும், கண்ணாடி அப்படியே இருக்கும். இந்த விட்டுக்கொடுப்பு எனக்கு உடன்பாடில்லை.

இப்போது அந்த 'ஏன் வராது' என்ற கேள்விக்கு வருகிறேன். மத்திய அரசு எழுதும் விதித்தொகுப்பு தானாக நம் தெருவுக்கு வந்துவிடாது. மாநிலம் அறிவிக்கை வெளியிட வேண்டும். பிறகு அது கட்டட அனுமதி விதிகளுக்குள் நுழைய வேண்டும். பிறகு வரைபடத்தைப் பார்ப்பவர் அந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பை அனுமதி நடைமுறையோடு இணைப்பதில் ஆந்திரமும் தெலங்கானாவும் முன்னால் போயின. தெலங்கானா ஒருபடி மேலே போய், 2023-இல், வெயிலைத் திருப்பியனுப்பும் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது.

அடுத்தது அளவு. சட்டம் பொதுவாகப் பிடிப்பது 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேற்பட்ட கட்டடங்களை. ஒரு தனி வீட்டின் சுமை ஐந்து கிலோவாட் இருந்தால் அதிகம். வீட்டு விதித்தொகுப்பின் 2018 பாகம், 500 சதுர மீட்டர் மனைக்கு மேல் என்றது. நம் கணக்கில் பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல். நீங்கள் வாங்கியிருப்பது இரண்டரை சென்ட், மூன்று சென்ட், மிஞ்சினால் ஐந்து. ஆக, சொந்தமாக ஒரு பொறியாளரை வைத்து எல்லாவற்றையும் யோசித்துக் கட்டக்கூடியவருக்குச் சட்டம் இருக்கிறது. மேஸ்திரியை மட்டும் நம்பிக் கட்டுபவருக்கு, யாரும் சொல்லித்தர ஆளில்லாதவருக்கு, சட்டம் இல்லை.

சின்ன வீடுகளை எப்படி அய்யா கண்காணிப்பது, ஆள் ஏது என்று அதிகாரிகள் கேட்பார்கள். 2003-ஐ நினைத்துப் பாருங்கள். மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று இதே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. புதுக் கட்டடத்துக்கு மட்டுமல்ல, நின்றுகொண்டிருந்த பழைய கட்டடங்களுக்கும். கெடு வைத்தார்கள், குழாய் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். சில மாதங்களில் மாநிலம் முழுவதும் பிவிசி குழாய்கள் மாடியிலிருந்து இறங்கின. சிறு வீடு என்று யாரையும் விடவில்லை. அதே அனுபவத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: பல வீடுகளில் குழாய் இறங்கிய இடத்தில் குழி இல்லை. குழி இருந்த இடத்தில் ஜல்லியும் மணலும் மாற்றப்படவே இல்லை. குழாயை மட்டும் பார்த்துச் சான்று கொடுத்தால் இதுதான் நடக்கும். கூரைக்கு விதி வந்தாலும் வெள்ளைப் பெயின்ட் ஒரு கோட் அடித்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே கூரையில் என்ன போடப்படுகிறது என்பதைக் கான்கிரீட் காய்ந்த பிறகு பார்க்காமல், போடும்போதே பார்க்கிற ஏற்பாடு வேண்டும். அதற்கு ஆயிரம் பக்க விதித்தொகுப்பு தேவையில்லை. கூரைக்கு ஐந்தாறு அங்கீகரித்த அடுக்கு முறைகள். எது வேண்டுமோ எடுத்துக்கொள். மேஸ்திரிக்கும் புரியும்படி படத்தோடு ஒரு தாள் போதும்.

புதுப்பிப்பதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 விழுக்காடு கட்டடங்கள் 2000-க்கு முன் கட்டப்பட்டவை. புதிய வீட்டுக்கு மட்டும் விதி போட்டுப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால், வெளிப்பரப்பிலோ மதிப்பிலோ நான்கில் ஒரு பங்குக்கு மேல் மாற்றினால் அது 'பெரும் புதுப்பிப்பு', அப்போது அந்தக் கட்டடம் ஆற்றல் விதிக்கு உட்பட வேண்டும் என்றார்கள். கூரையை மட்டும் மாற்றினால் அந்தக் கூரையாவது விதிக்கு ஏற்றதாக வேண்டும். 2024-இல் திருத்திய விதி இன்னும் கடுமையானது: 2030-க்குள், வீடல்லாத கட்டடங்களில் மிக மோசமான 16 விழுக்காட்டைச் சீர்செய்ய வேண்டும். பிரான்சில் 2025 ஜனவரி முதல், கடைசித் தரமான 'ஜி' தர வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. குளிரில் நடுங்கியபடி ஆற்றல் கட்டணம் கட்டிய வாடகைக்காரரை மனத்தில் வைத்து எழுதிய விதி அது.

கட்டாயம் என்றால் எங்கேயும் எதிர்ப்பு வரும். 2023-இல் ஜெர்மனியில் புதிய வெப்பமூட்டிகள் 65 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்க வேண்டும் என்ற மசோதா வந்தபோது, ஆளும் கூட்டணியே ஆட்டம் கண்டது. 'என் வீட்டுச் சூடேற்றும் அறைக்குள் அரசு நுழைகிறது' என்ற பயம் ஒருபுறம், செலவுக்கு யார் பொறுப்பு என்ற தெளிவின்மை மறுபுறம். கடைசியில் பல தளர்வுகளோடுதான் நிறைவேறியது. பழைய வீட்டுக்காரரிடம் போய் நாளைக்கே மாற்று என்றால் எந்த ஊரிலும் நடக்காது.

ஆனால் அவரே மாற்றுகிற நாள் ஒன்று வரும். நம் ஊரில் அது மழைக்குப் பிறகு வரும். சீலிங்கில் ஈரத் திட்டு தெரிகிறது, பூச்சு உதிர்கிறது, மேஸ்திரியைக் கூப்பிடுகிறோம். அவர் மேலே ஏறிப் பழைய சுண்ணாம்பு ஜல்லியையும் தட்டோட்டையும் கொத்தியெடுக்கிறார், புதிய நீர்க்காப்புப் பூச்சு போடுகிறார், மறுபடி தட்டோடு பதிக்கிறார். கூலியும் மணலும் எப்படியும் செலவாகப்போகின்றன. அந்த நீர்க்காப்புக்கும் தட்டோட்டுக்கும் நடுவே இரண்டங்குலக் காப்புப் பலகை ஒன்றை வைத்தால் யூ மதிப்பு 1.2-க்குக் கீழே தானாக வந்துவிடும். கூடுதல் செலவு அந்தப் பலகையின் விலையும் சொற்பக் கூலியும்தான். அன்று விட்டுவிட்டால் அடுத்த ஒழுகல் வரை, பத்துப் பதினைந்து ஆண்டு, அந்த வாய்ப்பு வராது. அந்த நாளைத்தான் விதி பிடிக்க வேண்டும். இன்று அதைப் பிடிக்க நம்மிடம் எதுவும் இல்லை; பராமரிப்பு வேலை என்பதால் அனுமதியும் கேட்பதில்லை, ஆலோசனையும் கேட்பதில்லை. நகராட்சிக்கு வீட்டுவரி கட்டும் ரசீதோடு, கூரை அடுக்கு முறைகளைப் படத்தோடு காட்டும் அந்த ஒரு தாளைச் சேர்த்துக் கொடுத்தாலே, காப்புப் பலகை வைத்தவருக்கு ஓராண்டு வரியில் சிறு கழிவு கொடுத்தாலே, பாதி வேலை நடந்துவிடும் என்பது என் கருத்து.

இங்கே வந்திருக்கும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எஸ்டிமேட் போடும்போது கூரைக் காப்பை ஒரு தனி வரியாகப் போடுங்கள். 'கூடுதல் வசதி' என்ற தலைப்பில் போட்டால் முதலில் வெட்டப்படுவது அதுதான். நீர்க்காப்போடு சேர்த்தே போடுங்கள். மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு இல்லாத எலிவேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு வாங்கப் போகிறவர்கள், கட்டுபவரிடம் கூரையின் யூ மதிப்பு என்ன என்று கேளுங்கள். பதில் வராது. நூறு பேர் கேட்டால் வரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இதற்காகத் தில்லி வரை போய் நிற்க வேண்டியதில்லை. 2001 சட்டத்தின் 15-ஆம் பிரிவு, விதித்தொகுப்பை அந்தந்தப் பகுதியின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாற்றும் அதிகாரத்தை மாநில அரசுக்கே தந்திருக்கிறது. 2022 திருத்தம், 100 கிலோவாட் என்ற வரம்பைக் குறைத்துக்கொள்ளவும் மாநிலத்துக்கு இடம் கொடுத்து, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. மூன்று சென்ட் வீட்டின் கூரையை விதிக்குள் கொண்டுவருவதற்கான அதிகாரம் சென்னையிலேயே இருக்கிறது.